எப்படிச் சாப்பிட்டார் என்று கேளுங்கள்

படுக்கையில் இருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நல்லா சாப்பிடறாங்களா?" குடியாத்தமானாலும் ஒடுகத்தூரானாலும் ஆற்காடானாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டார்கள் என்று சொன்னால் கேட்டவரின் முகம் மலர்கிறது. நாலு ஸ்பூன் கஞ்சிதான் இறங்கியது என்றால் அந்த முகம் வாடி, உடனே ஒரு யோசனையும் பிறக்கிறது. பக்கவாதத்திலிருந்து மெல்லத் தேறிவரும் என் மாமியாருக்காக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு அதன் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டாகிவிட்டது. கேட்பவர்களின் அன்பில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் விழுங்கச் சிரமப்படும் ஒருவரைப் பொறுத்தவரை, உணவு எந்த வழியில் போயிற்று என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எவ்வளவு போயிற்று என்ற கணக்குக்கே பொருள் உண்டு. இதை வீட்டுக்கு வருபவர்களிடம் நின்றபடி சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பக்கவாதம் என்றவுடன் கை, கால், பேச்சு ஆகிய மூன்றைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். தொண்டை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அது கணக்கில் வருவதில்லை. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது; பலருக்குச் சில வாரங்களில் தேறிவிடுகிறது, சிலருக்கு நிலைத்துவிடுகிறது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், மூளை முடக்குவாதத்துடன் வளரும் குழந்தைகள் என்று இந்த வரிசை நீளமானது. ஒரு வாய்ச் சோற்றை விழுங்குவதற்கு 30-க்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தவறாமல் வேலை செய்ய வேண்டும். மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழும்புகிறது, குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூச்சுக்குழாயை அடைக்கின்றன, அதே வேளையில் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. ரயில் வருவதற்கு முன்பே கேட் மூடப்பட வேண்டும் என்பதைப் போலத்தான் இதுவும். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த கேட் சற்றுத் தாமதமாக மூடுகிறது. கெட்டியாகக் குழைத்த உணவு மெதுவாக நகர்ந்து வருவதால் அதற்குள் கேட் மூடிவிடுகிறது. தண்ணீரோ எக்ஸ்பிரஸ் வேகத்தில் வந்து, திறந்திருக்கும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. திட உணவுதான் ஆபத்து, தண்ணீர் எளிதில் இறங்கும் என்று நம்மில் பெரும்பாலானோர் நினைப்பது இந்த நோயாளிகளில் பலருக்குத் தலைகீழாகப் பொருந்துகிறது.

அத்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கொடுக்கப்பட்ட சீட்டில், உணவைப் பற்றி 'மென்மையான உணவு' என்ற இரண்டே சொற்கள் எழுதப்பட்டிருந்தன. மாத்திரைகளுக்கு வேளையும் அளவும் தெளிவாக இருந்தன; ஒரு நாளைக்கு மூன்று வேளை தவறாமல் உள்ளே போகப் போகும் உணவுக்கு இரண்டு சொற்கள். முதலில் சாப்பிடும்போதெல்லாம் புரையேறியது. எங்கள் ஊரில் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். சில வாரங்களில் இருமல் குறைந்தது, பிறகு ஏறத்தாழ நின்றே விட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மாலை வேளைகளில் உடம்பு லேசாகச் சுட்டது. சாப்பிட்டு முடித்த பிறகு அவர் பேசினால், தொண்டையில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் போல ஈரமான, கரகரத்த குரல் வந்தது. சளி என்று சொல்லி மருந்து வாங்கிக் கொடுத்தோம், கேட்கவில்லை. கால் பயிற்சிக்காக வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் ஒரு நாள் அந்தக் குரலைக் கவனித்துவிட்டு, ஸ்பீச் தெரபிஸ்டிடம் அழைத்துப் போய்த் தொண்டையைச் சோதித்துப் பாருங்கள் என்றார். "பேச்சுதான் நல்லா வந்துடுச்சே, அவங்ககிட்ட எதுக்கு?" என்று என் கணவர் கேட்டார். விழுங்குதலைச் சோதிப்பதும் பயிற்சி அளிப்பதும் அவர்கள் வேலைதான் என்பது அன்றுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் நாக்கும் தொண்டையும் பொது என்பதை நினைத்தால் இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

எக்ஸ்ரே அறையில் கண்டது

நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் அந்த எக்ஸ்ரே அறையில் பார்த்த சில நிமிடங்கள்தான். அத்தையை நாற்காலியில் பக்கவாட்டில் உட்காரவைத்து, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த தண்ணீரைக் கொடுத்து, அது இறங்கும் வழியை ஓடும் படமாக எடுத்தார்கள். எனக்கு ஈயக் கவச அங்கி ஒன்றைக் கொடுத்து, திரையைப் பார்க்கும்படி நிற்கவைத்திருந்தார்கள். சாம்பல் நிறத்தில் கழுத்தெலும்புகள் அடுக்காகத் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால், குரல்வளையும் மூச்சுக்குழாயும் இருக்கும் இடம் வெளிறித் தெரிந்தது. கோப்பை கைக்கு வந்தவுடன் அத்தை வாழ்நாள் முழுவதும் செய்ததைப் போலவே தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். நாக்கின் பின்புறத்திலிருந்து கருப்பாக ஒரு நூல் சரிந்தது. குரல்வளை எழும்புவதற்கு முன்பே அந்த நூலின் ஒரு இழை பிரிந்து முன்பக்கமாக வளைந்து, குரல்நாண்களைத் தாண்டி, மூச்சுக்குழாயின் சுவரை ஒட்டிக் கீழே இறங்கியது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். இருமல் இல்லை, கண்ணில் நீர் இல்லை, ஒரு சிறு செருமல்கூட இல்லை. அவர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குது" என்றார்.

தெரபிஸ்ட் அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு மறுபடியும் காட்டினார். மூச்சுக்குழாயில் எது நுழைந்தாலும் இருமி வெளியே தள்ளுவதற்கு அங்கே உணர்ச்சி இருக்க வேண்டும். பக்கவாதம் அந்த உணர்ச்சியையும் மழுங்கடித்துவிடுகிறது. இருமல் நின்றதை நாங்கள் நலம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். தொண்டை முறையிடுவதை நிறுத்திவிட்டிருந்தது என்பதே உண்மை. மாலைக் காய்ச்சலின் காரணம் அந்தத் திரையில் இருந்தது. பிறகு அவர் அத்தையிடம், "தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, மடியைப் பார்த்துக்கிட்டே முழுங்குங்க பாட்டிம்மா" என்று சொல்லி அதே தண்ணீரை ஒரு சிறு ஸ்பூனில் கொடுத்தார். இம்முறை கருப்பு நூல் பிரியாமல் பின்பக்கமாகவே போயிற்று. சற்றுக் கெட்டியாக்கிய திரவம் இன்னும் ஒழுங்காக இறங்கியது. குழைத்த உணவு நேரான வழியில் போனாலும், நாக்கின் அடிவாரத்தில் உள்ள சிறு பள்ளத்தில் கொஞ்சம் தங்கிவிட்டது. இன்னொரு முறை வெறுமனே விழுங்கச் சொன்னவுடன் அதுவும் போய்விட்டது. ஆக, ஒரே தொண்டை, ஒரே நாள், ஒரே அறை. தலையின் சாய்வும் கரண்டியின் அளவும் மாறியதில் எல்லாமே மாறின. உணவின் பாதுகாப்பு உணவில் மட்டும் இல்லை என்பது அன்று என் மனத்தில் பதிந்தது.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். தாடையைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பொருந்தும் மருந்து கிடையாது. சிலருக்குத் தலையை நலிந்த பக்கமாகத் திருப்பினால்தான் நல்ல பக்கத்தின் வழியாக உணவு போகிறது. சிலருக்கு இரண்டும் உதவுவதில்லை. மூக்கின் வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் மூச்சுக்குழாயின் கேட் தாமதமாக மூடும் எவருக்கும் அண்ணாந்து குடிப்பது உகந்ததன்று என்பதை அழுத்தமாகச் சொல்லலாம். தலை பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை விரியத் திறக்கிறது. வாயில் எவ்வளவு விழுகிறது என்பதும் நம் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. எச்சில் படாமல் குடிப்பதை ஒழுக்கமாகக் கற்ற ஒரு தலைமுறைக்கு இதைக் கைவிடுவது எளிதில்லை. 'கவ்விக் குடிப்பது' என்றாலே அத்தைக்கு அருவருப்பு. அவருக்கென்று தனிக் கோப்பை ஒன்றை வைத்து, அதை வேறு யாரும் தொடுவதில்லை என்று உறுதி சொன்ன பிறகுதான் உதடு வைத்துக் குடிக்க இசைந்தார். அந்தப் பிளாஸ்டிக் கோப்பையின் விளிம்பில் ஒரு பக்கம் மூக்குக்கு இடம்விட்டு அரைவட்டமாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கி வைத்திருக்கிறோம். கோப்பையை எவ்வளவு சாய்த்தாலும் மூக்கில் இடிக்காததால், அடிவரை குடிப்பதற்கும் தலையை நிமிர்த்த வேண்டியதில்லை.

களியும் ரசம் சோறும்

திரவத்தைக் கெட்டியாக்குங்கள் என்று சொல்வது எளிது. எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி. இதற்கு உலக அளவில் ஓர் ஒழுங்குமுறை இருக்கிறது. தண்ணீரைப் போன்ற திரவத்துக்கு 0, வழக்கமான உணவுக்கு 7 என்று எட்டு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அளப்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, 10 மில்லி சிரிஞ்சு போதும். ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்துவிட்டு 10 நொடி ஓடவிட வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீருக்குச் சமம். ஒன்றிலிருந்து நான்கு மில்லி வரை மிஞ்சினால் முதல் நிலை, நான்கிலிருந்து எட்டு வரை இரண்டாம் நிலை, எட்டுக்கு மேல் மூன்றாம் நிலை, ஒரு சொட்டும் ஓடாவிட்டால் நான்காம் நிலை. சிரிஞ்சின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், தெரபிஸ்ட் காட்டிய அதே வகையையே வாங்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சியை இப்படி அளந்தபோது, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் ஒரு நிலையும் ஆறிய பிறகு வேறொரு நிலையும் காட்டியது. ஆகவே எந்தச் சூட்டில் கொடுக்கப் போகிறோமோ அந்தச் சூட்டிலேயே அளக்க வேண்டும். மாவுச்சத்தால் கெட்டியாக்கிய கஞ்சிக்கு இன்னொரு குணமும் உண்டு. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால், எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், கெட்டியாகத் தொடங்கிய கஞ்சி பாதியிலேயே நீர்த்துப் போய்விடும். சாந்தன் கம் என்ற பிசின் கலந்த, திரவத்தைக் கெட்டியாக்கும் பொடிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கஞ்சியை இரண்டு சிறு கிண்ணங்களில் பிரித்து வைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் களி என்றால் உயிர். வெந்த கேழ்வரகுக் களியைக் கிள்ளி உருட்டிக் கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குவதுதான் முறை. பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம் என்பதால் இதை மென்மையான உணவு என்று பலரும் நினைக்கிறார்கள். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அந்த உருண்டை கனமானது, அதைவிட முக்கியமாக ஒட்டும் தன்மை கொண்டது. ஸ்பூனைச் சாய்த்தால் உணவு ஒட்டாமல் நழுவி விழ வேண்டும் என்பது ஒரு சோதனை. களி ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ரசம் சோறு இன்னொரு கண்ணி. குழையப் பிசைந்திருந்தாலும் நீர் தனியாக, பருக்கை தனியாக நிற்கிறது. பருக்கையை நாக்கு சேர்த்துத் திரட்டுவதற்குள் ரசம் தொண்டையைத் தாண்டி ஓடிவிடுகிறது. நொய் மிதக்கும் கூழும், சாம்பாரில் ஊறிய இட்லியும் இதே வகை. ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் பட்டவுடன் நீராகிவிடுகிறது. கெட்டித் தயிர் விட்டுத் தாளிக்காமல் மசித்த தயிர் சோறும், மத்தால் கடைந்த பருப்பும், நாரை நீக்கிக் கடைந்த கீரையும் அத்தைக்கு ஒத்துவருகின்றன. எங்கள் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காயைச் சுட்டுத் தோலை உரித்து, விதை அடர்ந்த பகுதியை ஒதுக்கிவிட்டு மசித்தால் எண்ணெய்ப் பதத்துடன் வழுக்கிக்கொண்டு போகும். களிக்கு அவர் ஏங்கினார். அதே கேழ்வரகு மாவை நன்றாகச் சலித்து, மோர் சேர்த்துக் கூழுக்கும் களிக்கும் இடைப்பட்ட பதத்தில் நெய் விட்டுக் கிண்டி, ஸ்பூனிலிருந்து நழுவுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தோம். களியின் மணம் இருந்ததில் அவர் சமாதானமானார்.

மேல்நாட்டு முறையில் முள்கரண்டியால் அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். முள்கரண்டி இல்லாத வீடுகளுக்கு விரல்களே போதும் என்று அந்த ஒழுங்குமுறையே அனுமதிக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தும்போது உணவு நசுங்கி, விட்ட பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சோறு பிசைந்த எந்தக் கைக்கும் இது தெரிந்த வேலைதான். மசித்த உணவில் தங்கும் சிறு கட்டிகள் பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது அளவு. கடுகு, மிளகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய்த் தோல் போன்றவற்றைத் தாளிக்கும்போதே தவிர்த்துவிடுவது, பிறகு பொறுக்கி எடுப்பதைவிட நல்லது. மாத்திரையைத் தண்ணீரோடு கொடுப்பதற்குப் பதில் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரில் வைத்துக் கொடுக்கலாமா என்றும், பொடி செய்யலாமா என்றும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டே ஆக வேண்டும்; மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

ஊட்டும் கை

விழுங்குதல் பற்றிய ஆய்வுகளில் அறியப்பட்ட சூசன் லாங்மோர் 1998-ல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு ஒன்று, முதியவர்களுக்கு உணவோ உமிழ்நீரோ நுரையீரலில் இறங்குவதால் நிமோனியா வருவதை எவை முன்னறிவிக்கின்றன என்று பார்த்தது. விழுங்கும் குறைபாடு மட்டும் இருந்தால் நிமோனியா வந்துவிடுவதில்லை; பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, பிறர் வாய் சுத்தம் செய்துவிட வேண்டிய நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை முன்வரிசையில் நின்றன. குழாய் வழியாக உணவு பெறுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. மூக்குக் குழாய் போட்டுவிட்டால் இனிக் கவலை இல்லை என்று நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் ஊட்டுவது அன்பின் உச்சம். ஆனால் ஊட்டப்படுபவருக்கு அடுத்த வாய் எப்போது வரும் என்று தெரிவதில்லை. அவர் தொண்டை தயாராவதற்குள் கரண்டி உதட்டைத் தொட்டுவிடுகிறது. தன் கையால் உணவை எடுக்கிறவருக்கு, கை எழும்போதே மூளையும் தொண்டையும் ஆயத்தமாகின்றன.

அத்தைக்கு நலிந்தது சோற்றுக்கை. இடக்கையால் சாப்பிடுங்கள் என்று தெரபிஸ்ட் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கையால் சோற்றைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் அதட்டி வளர்த்தவர் அவர். அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவழி ஒன்று கிடைத்தது. தடித்த கைப்பிடி உள்ள ஸ்பூனை அவருடைய வலக்கையில் பிடிக்கவைத்து, அவருடைய முழங்கையின் அடியில் என் உள்ளங்கையைத் தாங்கலாகக் கொடுக்கிறேன். தூக்கும் பலத்தில் பாதி என்னுடையது, எப்போது தூக்குவது என்ற முடிவு முழுக்க அவருடையது. அவர் விழுங்கும்போது தொண்டையில் குரல்வளை மேலெழும்பி இறங்குவது எனக்குத் தெரிகிறது. இரண்டாவது முறையும் எழும்பி இறங்கிய பிறகுதான் அந்த முழங்கை மறுபடியும் அசைகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவர் களைத்துவிட்டால் நிறுத்திவிட்டு, சிறிது நேரம் கழித்து மிச்சத்தைக் கொடுக்கிறோம். களைத்த தொண்டைக்கு 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்று கொடுக்கும் அந்த வாய்தான் மிகவும் ஆபத்தானது.

ஊட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கு எதிரே நின்றுகொண்டு ஊட்டினால் அவர்கள் நம்மைப் பார்க்கத் தலையை நிமிர்த்துவார்கள், அதுவே அண்ணாந்து குடிப்பதற்குச் சமமாகிவிடும். நாம் அவர்களின் கண்மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ உட்கார்ந்து, கரண்டியைக் கீழிருந்து கொண்டுபோக வேண்டும். கட்டிலில் சரிந்த நிலையில் கொடுப்பதைவிட, பாதம் தரையில் பதியும்படி நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுப்பது நல்லது. சாப்பிட்ட பிறகு அரைமணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும், வாயில் உணவு இருக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது. புரையேறி இருமினால் இருமவிடுங்கள், உடலை முன்னே சாயவிடுங்கள். தலையில் தட்டாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். இருமவோ பேசவோ மூச்சுவிடவோ முடியாமல் திணறினால் மட்டும் அது வேறு நிலை. அப்போது முதுகில் ஓங்கி ஐந்து தட்டும் வயிற்றில் மேல்நோக்கி ஐந்து அழுத்தமும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் முதலுதவியை வீட்டில் ஒருவராவது கற்றிருக்க வேண்டும்.

மே மாதத்துத் தண்ணீர்

கெட்டியாக்கிய தண்ணீரை அத்தை வெறுத்தார். வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அக்கினி நட்சத்திர நாட்களில், தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவருக்குக் கூழ்போன்ற ஒன்றை நீட்டுவது எனக்கே கொடுமையாக இருந்தது. அவர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார், சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகியது. இதுபற்றித் தேடிப் படித்தபோது, இந்த மனக்குறை அத்தைக்கு மட்டும் உரியதில்லை என்று தெரிந்தது. பார்க்கின்சன் நோயோ மறதி நோயோ உள்ள 515 பேரிடம் நடத்தி 2008-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், தாடையைத் தாழ்த்திச் சாதாரணத் திரவம் குடித்தவர்களுக்கும் கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும் இடையே, மூன்று மாதத்தில் நிமோனியா வந்த விகிதத்தில் உறுதியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. எக்ஸ்ரே திரையில் கெட்டித் திரவம் நன்றாக இறங்குவது உண்மை. அதை மட்டுமே குடித்து ஒரு மனிதர் கோடையைக் கடப்பது வேறு விஷயம்.

தெரபிஸ்டிடம் இதைச் சொன்னபோது, தகுந்த நோயாளிகளுக்கு மட்டும் பின்பற்றும் ஒரு முறையை அவர் அத்தைக்கு அனுமதித்தார். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து, வாயை முழுவதும் சுத்தம் செய்த பிறகு, வெறும் தண்ணீரை நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, சிறு மடக்குகளாகக் குடிக்கலாம். சுத்தமான வாயிலிருந்து ஓரிரு சொட்டு வெறும் தண்ணீர் நுரையீரலில் இறங்கினால் உடல் அதை உறிஞ்சிவிடக்கூடும். பாலோ கஞ்சியோ கிருமி மண்டிய உமிழ்நீரோ இறங்கினால்தான் கேடு. ஆக, தண்ணீரின் விலை வாய்ச்சுத்தம். அதற்கு அத்தை கொடுத்த விலை வெற்றிலை. புகையிலை வைத்து வெற்றிலை போடுவது அவருடைய இளமைக்கால வழக்கம். நலிந்த பக்கக் கன்னத்தில் பாக்குத் தூளும் இலைத் துணுக்கும் அடைந்து கிடந்ததை முதன்முதலில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, இத்தனை நாள் சோறும் அங்கேதான் தங்கியிருந்தது என்பது தெரிந்தது. இப்போது ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டவுடன் அந்தக் கன்னத்தின் உட்புறத்தை ஈரத் துணி சுற்றிய விரலால் வழித்தெடுத்து, மென்மையான பிரஷ்ஷால் பல்லையும் நாக்கையும் தேய்த்துவிடுகிறோம். மாலைக் காய்ச்சல் வருவதில்லை. வெற்றிலைப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதன் மேல் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இந்த அறிவு வேலூருக்குப் புதிதன்று. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், நாட்டிலேயே முதல் உள்நோயாளி மறுவாழ்வு நிலையம் 1966-ல் உருவானது இங்கே பாகாயத்தில்தான். நாடு முழுவதிலிருந்தும் மக்கள் சிகிச்சைக்கு ரயிலேறி வரும் ஊரில், பத்துப் பதினைந்து மைல் தள்ளியுள்ள கிராமங்களில் உச்சந்தலையைத் தட்டித் தண்ணீர் ஊற்றும் வழக்கம் அப்படியே இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்கு எல்லோராலும் போக முடியாது, எக்ஸ்ரே படமும் எல்லோருக்கும் எடுக்க வாய்க்காது. ஆனால் வீட்டுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு தேடி வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அளிக்க ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த ஈரக் குரலைக் கண்டுபிடித்தவரும் கால் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்தான். இப்படி வருபவர்கள் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புவதற்கு முன், ஒரு வேளைச் சாப்பாட்டை உடனிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். சாப்பிடும்போது தலை எங்கே சாய்கிறது, ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையே எவ்வளவு நேரம் விடப்படுகிறது, முடித்த பிறகு 'ஆ' என்று சொல்லச் சொன்னால் குரல் ஈரமாக இருக்கிறதா என்பதைக் காலை பத்து மணிக்கு வந்து பார்க்க முடியாது. அதற்கு ஒரு மணிக்கு, வீட்டில் சோறு பிசையும் நேரத்தில் வர வேண்டும்.